கழற்றக் கழற்ற இழுவை கூடிய ஸ்விஃப்ட்: வீட்டு போர்ட்டிகோவில் ஒரு மறுசீரமைப்பு

2008 மாடல் மாருதி ஸ்விஃப்ட் விஎக்ஸ்ஐ, பெட்ரோல் வண்டி. கோவையில் ஒரு கல்லூரி மாணவர் வைத்திருந்தது. அவருக்கு முன்பே கை மாறி வந்ததால், யார் எதை மாட்டினார்கள் என்பது அவருக்கும் முழுக்கத் தெரியாது. என் கைக்கு வரும்போது அதில் இருந்த வெளிச்சாமான்கள்: இன்ஜின் புகையை வெளியேற்றும் நாலு குழாய் சேர்ந்து ஒன்றாகும் ஹெடர், அங்கிருந்து பின்பம்பர் வரை இரண்டரை அங்குல பைப், முனையில் வாளி மாதிரி ஒரு சைலன்சர். புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் இல்லை. ஏர் ஃபில்டர் பெட்டிக்குப் பதில் சிவப்புக் கூம்பு ஃபில்டர். இசியூ (இன்ஜினை இயக்கும் கணினி) ஒயரிங்குக்கு நடுவே ஒரு பிக்கிபேக் பெட்டி. வெட்டிய ஸ்பிரிங், 195/50 ஆர்15 டயர், டிக்கி முழுக்க சப்வூஃபர்.

வண்டியின் நோய்கள் மூன்று. சிக்னலில் நின்றால் இன்ஜின் நடுங்கும். மைலேஜ் படுமோசம். மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது: தெருவே திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தம், ஆனால் மேம்பாலம் ஏறும்போது பக்கத்தில் போகும் சாதாரண ஸ்விஃப்ட் கடந்து போய்விடும். வண்டியைப் பார்த்த லேத் பட்டறை அண்ணன் கேட்ட ஒரே கேள்வி, "ஏனுங் தம்பி, இது பெட்ரோல்ல ஓடுதா, சத்தத்துல ஓடுதா?"

வேலையின் எல்லையை நான் வகுக்கவில்லை, ஆர்சி புத்தகம் வகுத்தது. சொந்தக் காருக்குப் பதிவு 15 ஆண்டுக்குத்தான். அப்புறம் ஆர்டிஓவிடம் வண்டியைக் காட்டி எஃப்சி (தகுதிச் சான்று) வாங்கி ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாய் ஆனது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை விளக்கி, தயாரிப்பாளர் குறித்த மூல விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று சொல்லிவிட்டது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறைக்கும் இடம் உண்டு. ஆக, டர்போ மாட்டலாமா, பெரிய இன்ஜின் இறக்கலாமா என்ற பேச்சுக்கே இடமில்லை. கம்பெனி கொடுத்த 87 குதிரைத்திறன் இன்ஜினிடமிருந்து அந்த 87ஐயும் முழுக்க வாங்குவதுதான் வேலை. இதைக் கட்டுப்பாடு என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன். போகப்போக, வண்டிக்கும் அதுதான் தேவை என்று தெரிந்தது.

இன்ஜின் ஜி13பிபி. 74 மில்லிமீட்டர் போர் (சிலிண்டரின் விட்டம்), 75.5 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்), 1298 சிசி, ஒற்றை கேம், 16 வால்வு. 6000 ஆர்பிஎம்மில் 87 குதிரைத்திறன், 4500இல் 113 நியூட்டன் மீட்டர் டார்க். எஸ்டீமிலும் ஜிப்ஸியிலும் ஓடிய அதே குடும்பம் என்பதால், கோவை உக்கடத்திலோ சென்னை புதுப்பேட்டையிலோ பழைய பாகக் கடைகளில் தேடினால் கிடைக்காத பாகம் குறைவு. 2010இல் பிஎஸ்4 புகை விதி வந்தபோது 1197 சிசி கே சீரிஸ் இன்ஜின் இதன் இடத்தைப் பிடித்தது. பழைய இன்ஜினில் ஒரு வசதி, வால்வு இடைவெளியை ராக்கர் ஆர்மில் (வால்வை அழுத்தித் திறக்கும் நெம்பு) உள்ள திருகாலேயே சரிசெய்யலாம். வீட்டில் வேலை பார்ப்பவனுக்கு அது பெரிய வரம்.

கழற்றுவதற்கு முன் அளக்க வேண்டும். டைனோ (இன்ஜின் திறனை அளக்கும் இயந்திரம்) இல்லாத வீட்டில் அதற்கு வழி, ஆளில்லாத நேரான ரோடு ஒன்று, மூன்றாவது கியர், ஜிபிஎஸ் போட்ட ஃபோன், ஸ்டியரிங் பிடிக்காத இன்னொரு ஆள். 40இலிருந்து 80 வரை ஏற எவ்வளவு நேரம் ஆகிறது என்று இரு திசையிலும் ஓட்டிச் சராசரி எடுப்பது. ஸ்பீடோமீட்டரைப் பார்த்து மட்டும் இதைச் செய்யக் கூடாது, குறிப்பாக இந்த வண்டியில். விஎக்ஸ்ஐக்குக் கம்பெனி கொடுத்த டயர் 165/80 ஆர்14, அதன் விட்டம் கிட்டத்தட்ட 620 மில்லிமீட்டர். மாட்டியிருந்த 195/50 ஆர்15இன் விட்டம் 576. ஏழு சதவீதம் சின்னது. அதாவது மீட்டர் 100 காட்டும்போது வண்டி போவது 93இல்தான். ஓடோமீட்டரும் அதே விகிதத்தில் கூடுதலாக எண்ணும், அதனால் பழைய உரிமையாளர் சொன்ன மைலேஜ்கூட உண்மையில் அதற்கும் கீழே. "இந்த டயர் போட்டதுக்கப்புறம் பிக்கப் நல்லா இருக்கு" என்று அவர் சொன்னது பொய்யில்லை. சின்னச் சக்கரம் கியர் விகிதத்தைக் குட்டையாக்கும், இழுவிசை ஏழரை சதவீதம் கூடும். ஆனால் அந்த லாபத்தைத்தான் மற்ற சாமான்கள் எல்லாம் சேர்ந்து தின்றுகொண்டிருந்தன.

முதலில் கை வைத்தது ஒயரிங்கில். பிக்கிபேக் பெட்டி என்ன செய்யும் என்றால், சென்சார் சொல்வதைக் கொஞ்சம் திரித்து இசியூவுக்குச் சொல்லும். இசியூ அதை நம்பிப் பெட்ரோலைக் கூட்டும் அல்லது குறைக்கும். நன்றாக டியூன் செய்தால் பயன் உண்டு. இங்கே இணைப்புகள் எல்லாம் ஒயரை உரித்து முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றியவை. வெயிலில் பசை உருகி டேப் நழுவியிருந்தது. ஆட்டினால் இன்ஜின் சத்தம் மாறியது. பெட்டியை எடுத்துவிட்டு, ஒவ்வொரு ஒயரையும் சால்டர் வைத்து, ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டு, பழையபடி நேராக இணைத்தேன். இன்ஜின் பிளாக்குக்கும் பாடிக்கும் போகும் எர்த் பட்டையைக் கழற்றித் தேய்த்துப் போட்டேன். நடுக்கம் குறைந்தது, போகவில்லை.

பிளக்குகளைக் கழற்றினால் நாலும் கரி. பெட்ரோல் அதிகம் என்றுதான் யாரும் சொல்வார்கள். பட்டறையில் இரண்டு பேர் இன்ஜெக்டரைச் சந்தேகப்பட்டார்கள், ஒருவர் இசியூவையே மாற்றச் சொன்னார். ஆனால் எக்ஸாஸ்டில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் ஒயரில் மல்டிமீட்டர் வைத்தால், ஐடிலிங்கில் வோல்டேஜ் மேலே ஏற மனமில்லாமல் 0.1, 0.2 என்றே கிடந்தது. சாதாரணமாக அது 0.1க்கும் 0.9க்கும் நடுவே வேகமாக ஏறி இறங்க வேண்டும். கீழேயே நின்றால் "பெட்ரோல் போதவில்லை" என்று பொருள். பிளக் ஒன்று சொல்கிறது, சென்சார் அதற்கு நேரெதிராகச் சொல்கிறது. இந்த வேலை முழுவதிலும் என்னை மிகவும் இழுத்துப் பிடித்த இடம் இதுதான்.

விடை ஹெடரும் இன்ஜின் ஹெட்டும் சேரும் ஃபிளாஞ்சில் (போல்ட் போட்டு இறுக்கும் தகட்டில்) இருந்தது. மலிவு ஹெடர்களில் ஃபிளாஞ்ச் தகடு மெல்லியது. வெல்டிங் சூட்டில் வளைந்துவிடும், கேஸ்கெட் நடுவில் உட்காராது. வெளியே புகை வரும் அளவுக்குப் பெரிய ஓட்டை வேண்டியதில்லை. எக்ஸாஸ்டில் வாயு ஒரே சீராக ஓடுவதில்லை, துடிப்புத் துடிப்பாகப் போகிறது. ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவே குழாயின் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்துக்குக் கீழே போகும், அப்போது அந்த மயிரிழை இடைவெளி வழியாக வெளிக்காற்று உள்ளே இழுபடும். சென்சார் அந்தக் காற்றின் ஆக்சிஜனை முகர்ந்து "லீன்" (பெட்ரோல் குறைவு) என்கிறது. இசியூ பெட்ரோலைக் கூட்டுகிறது, சென்சார் மறுபடி "லீன்" என்கிறது. இப்படித்தான் பிளக் கரியானது. சரிபார்ப்பது எளிது: குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து, சைலன்சர் வாயை ஈரத்துணியால் ஒரு நொடி அடைத்துப் பிடித்தால் ஃபிளாஞ்சில் "சுக் சுக்" என்று கேட்கும், சோப்புத் தண்ணீர் தெளித்தால் குமிழி வரும். எந்த இன்ஜின் டியூனிங்கும் இதற்கு அப்புறம்தான். கலவையைத் துல்லியமாக அளக்கும் வைட்பேண்ட் சென்சார் மாட்டினாலும் அதுவும் இதே காற்றை முகர்ந்து இதே பொய்யைத்தான் சொல்லும்.

ஹெடரை மட்டம் தட்டி மாட்டியிருக்கலாம். மாட்டவில்லை. எஃப்சிக்குக் கன்வர்ட்டர் எப்படியும் வேண்டும். தவிர, 1.3 லிட்டர் இன்ஜினுக்கு இரண்டரை அங்குலக் குழாய் அகலம் மிக அதிகம். குழாய் அகலமானால் வாயுவின் வேகம் குறையும், ஒரு துடிப்பு அடுத்ததை இழுத்துச் செல்லும் உதவி போய்விடும், 3000 ஆர்பிஎம்முக்குக் கீழே இழுவை சரியும். ஊருக்குள் வண்டி ஓடுவது அந்த இடத்தில்தான். கன்வர்ட்டரை மட்டும் பழைய சாமான் கடையில் வாங்கக் கூடாது. உள்ளே பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருப்பதால் அங்கே கிடைப்பவை பெரும்பாலும் குடலை உருவிய வெறும் ஓடுகள். புதிது வாங்கினேன். இந்த வேலையில் அதிகப் பணம் விழுங்கியது அதுதான். ஹெடர் இடத்தில் வரும் கம்பெனி மேனிஃபோல்டையும் மற்றப் பைப்பையும் உக்கடத்தில் எடுத்தேன்.

சென்சார் இப்போது ஏறி இறங்க ஆரம்பித்தது. ஐடிலிங்கில் மட்டும் லேசான மிஸ்ஸிங் பாக்கி. கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்) பார்க்க வேண்டியதாயிற்று. பேட்டரி முழுச் சார்ஜ், நாலு பிளக்கும் வெளியே, ஃபியூயல் பம்ப் ஃபியூஸ் வெளியே, ஆக்சிலேட்டர் தரையோடு மிதித்தபடி. கடைசியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். த்ராட்டில் மூடியிருந்தால் காற்றே உள்ளே போகாது, நல்ல இன்ஜினும் நோயாளியாகத் தெரியும். நாலில் மூன்று சிலிண்டர் ஒன்றோடொன்று ஒத்துப்போயின, 3ஆம் எண் சிலிண்டர் மட்டும் கீழே. சில சொட்டு எண்ணெய் விட்டு மறுபடி பார்த்தேன். ரிங் தேய்ந்திருந்தால் எண்ணெய் அடைத்து அழுத்தம் ஏறும். ஏறவில்லை. அப்புறம் அந்த சிலிண்டரின் பிஸ்டனை மேலே நிறுத்தி கம்ப்ரசர் காற்றை உள்ளே விட்டு, ஆயில் மூடியிலும் த்ராட்டிலிலும் சைலன்சர் வாயிலும் காது வைத்தேன். சைலன்சரில் உஸ்ஸென்று கேட்டது. எக்ஸாஸ்ட் வால்வு.

ஹெட்டை இறக்கியதும் அந்த வால்வின் விளிம்பில் ஒரு சின்னக் கருகல். வால்வு நாளாவட்டத்தில் சீட்டுக்குள் அமிழும், அமிழ அமிழ ராக்கரின் இடைவெளி குறையும். யாரும் பார்க்காமல் விட்டால் இடைவெளியே இல்லாமல் போய் வால்வு முழுக்க மூடாது. எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டை இறக்கி வைப்பது சீட்டில் உட்காரும் அந்தக் கணத்தில்தான். உட்காராவிட்டால் கருக வேண்டியதுதான். இந்த வண்டியில் ஆயிரக்கணக்கில் வெளிச்சாமானுக்குச் செலவழித்தவர்கள், இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜும் ஸ்பேனரும் இருந்தால் முடிகிற வேலையை ஒருமுறைகூடச் செய்யவில்லை.

சீட் வெட்டுவது வீட்டு வேலையில்லை. கோவையில் அதற்குக் கவலைப்பட வேண்டாம், பம்பும் மோட்டாரும் செய்து பழகிய ஊர், நல்ல லேத்துக்குப் பஞ்சமில்லை. ஹெட் மட்டம் பார்த்து, சீட் வெட்டி, கருகிய வால்வுக்குப் புதிது போட்டு, 16 வால்வு சீலையும் மாற்றி வாங்கிவந்தேன். வால்வு கிரைண்டிங் மட்டும் நானே வீட்டில் உட்கார்ந்து செய்தது. அரைக்கும் பசை தடவி, உறிஞ்சு கட்டையால் சுழற்றி, விளிம்பில் சாம்பல் நிற வளையம் அறுபடாமல் தெரியும் வரை. போர்ட்டை (ஹெட்டுக்குள் காற்றும் புகையும் போகும் வழி) தோண்டிப் பளபளப்பாக்கும் ஆசை எனக்கும் வந்தது. வார்ப்பின் பிசிறை மட்டும் தேய்த்துவிட்டு நிறுத்தினேன். டைமிங் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப், முன்பக்க ஆயில் சீல் எல்லாம் கை வைத்த கையோடு புதிது. பெட்ரோல் ஹோஸ்களும்தான், அதற்குக் காரணம் கீழே வருகிறது.

கூம்பு ஃபில்டரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதைக் கழற்றச் சொன்னால்தான் பிள்ளைகளுக்குக் கோபம் வருகிறது. ஃபில்டர் காற்றைத் தாராளமாக விடும் என்பது சரி. எந்தக் காற்றை விடுகிறது என்பதுதான் கேள்வி. கம்பெனிப் பெட்டி முன்பக்கத்திலிருந்து வெளிக்காற்றை இழுக்கும். கூம்பு ஃபில்டர் ரேடியேட்டரும் எக்ஸாஸ்டும் சூடாக்கிய பானட்டுக்குள் இருக்கும் காற்றை இழுக்கும். வெளியே 40 டிகிரி, பானட்டுக்குள் 70 டிகிரி என்று வையுங்கள். கெல்வினில் 313, 343. அதே அழுத்தத்தில் அடர்த்தி கிட்டத்தட்ட 9 சதவீதம் குறைந்துவிடும், ஆக்சிஜனும் அவ்வளவே குறையும். சூடான காற்றில் நாக்கிங்கும் (கலவை தானாக வெடித்துத் தட்டுவது) சீக்கிரம் வரும். நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது பானட்டுக்குள் காற்றோட்டம் இருப்பதால் வித்தியாசம் சுருங்கும், அதை மறுக்கவில்லை. காந்திபுரம் சிக்னலில் பச்சை விழுந்து கிளம்பும்போது அந்தச் சலுகை கிடைக்காது. பழைய பெட்டியும் புதுக் காகித ஃபில்டரும் மாட்டிய அன்று, கிளம்பும் இடத்திலேயே வித்தியாசம் தெரிந்தது. கூம்பின் உறுமல் போனதில் எனக்கும் கொஞ்சம் வருத்தம்தான்.

எல்லாம் மாட்டி முடித்து, வைட்பேண்ட் சென்சாரைத் தற்காலிகமாகப் பொருத்திப் பார்த்தபோது ஒரு புதுச் சங்கதி தெரிந்தது. நிதானமாக ஓட்டும்போது கலவை சரியாக இருக்கிறது. முழு ஆக்சிலேட்டரில் நான் எதிர்பார்த்ததைவிட லீன். காரணம் டேங்கில் இருந்தது. பெட்ரோல் ஒரு கிலோ முழுக்க எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 போதும். இருபது சதவீதம் எத்தனால் கலந்த இ20க்கு அது சுமார் 13.5. அப்படியானால் அதே காற்றுக்கு எட்டொன்பது சதவீதம் அதிக எரிபொருள் ஊற்ற வேண்டும். நிதானமான ஓட்டத்தில் இசியூ சென்சாரைக் கேட்டு இதை ஈடுகட்டிவிடும். முழு ஆக்சிலேட்டரில் அது சென்சாரைக் கேட்பதில்லை, தன் பழைய அட்டவணையைப் பார்த்து ஊற்றும். அந்த அட்டவணை எழுதிய காலத்தில் இ20 கிடையாது. இதனால்தான் இப்போது டியூனிங் பேசும்போது 14.7, 12.5 என்ற காற்று-பெட்ரோல் விகிதங்களை விட்டுவிட்டு லாம்டாவில் பேசுவது நல்லது. லாம்டா 1 என்றால் எந்த எரிபொருளுக்கும் சரியான கலவை, அதற்குக் கீழே என்றால் எரிபொருள் அதிகம். முழு ஆக்சிலேட்டரில் 0.86, 0.88 பக்கம் இருந்தால் எனக்கு நிம்மதி.

இங்கே ஒரு சின்ன வேலை பலித்தது. இன்ஜெக்டர்களைக் கழற்றி பெஞ்சில் வைத்து அல்ட்ராசோனிக்கில் சுத்தம் செய்யக் கொடுத்ததில் ஒன்று மற்றவற்றைவிடக் குறைவாகப் பீய்ச்சியது தெரிந்தது. சுத்தம் செய்ததும் நாலும் ஒத்துவந்தன. ஃபியூயல் ஃபில்டரும் மாற்றினேன். லாம்டா நான் விரும்பிய அளவுக்கு முழுக்க வரவில்லை, பயப்படும் இடத்திலிருந்து விலகியது. முழுக்க வேண்டுமென்றால் இசியூவை ரீமேப் செய்ய (அதன் அட்டவணையை மாற்றி எழுத) வேண்டும். அதற்கு இந்த வண்டியில் இப்போது அவசரமில்லை. பழைய ரப்பர் ஹோஸ்களை மாற்றியதும் இ20க்காகத்தான். எத்தனால் அவற்றை ஊறவைத்து உப்பச் செய்யும், வெடிப்பு விடும்.

ஸ்பிரிங் கதை வேறு. முன்பக்க ஸ்பிரிங்கைக் கட்டிங் வீலில் வெட்டிக் குறைத்திருந்தார்கள். ஸ்பிரிங்கின் விறைப்பு அதன் சுற்று எண்ணிக்கைக்குத் தலைகீழ் விகிதம். ஆறு சுற்று வேலை செய்யும் ஸ்பிரிங்கில் ஒன்றரை வெட்டினால் விறைப்பு மூன்றில் ஒரு பங்கு கூடும். ஷாக் அப்சார்பர் பழையதே என்பதால் அந்த விறைப்பை அடக்க முடியாமல் வண்டி துள்ளும். ஸ்பீடு பிரேக்கர்தோறும் பம்ப் ஸ்டாப்பில் (சஸ்பென்ஷனின் கடைசித் தடுப்பு ரப்பர்) இடித்து, ஷாக் இரண்டும் எண்ணெய் கக்கியிருந்தன. வெட்டிய முனை தட்டையாக இல்லாததால் சீட்டில் சரியாக உட்காராது, சக்கரம் முழுக்கத் தொங்கினால் ஸ்பிரிங் இடம் மாறிவிடவும் கூடும். இதையெல்லாம் விட வேடிக்கை, தாழ்த்தினால் வளைவில் வண்டி சாயாது என்ற நம்பிக்கை. மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் சஸ்பென்ஷன் உள்ள வண்டியை அதிகம் தாழ்த்தினால், சக்கரத்தை அடிச்சட்டத்தோடு இணைக்கும் லோயர் ஆர்மின் சக்கரப் பக்கம் மேலே தூக்கி நிற்கும், ரோல் சென்டர் (வளைவில் வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது) ஈர்ப்பு மையத்தைவிட வேகமாகக் கீழே இறங்கும். இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் கூடுவதால் சாய்க்கும் விசைக்கு நெம்புகோல் நீளமாகிவிடுகிறது. விறைப்பான ஸ்பிரிங் அதை மறைத்துவைக்கிறது, அவ்வளவுதான். கம்பெனி ஸ்பிரிங், நாலு புது ஷாக், லோயர் ஆர்ம் புஷ், லிங்க் ராட் போட்டு அலைன்மென்ட் பார்த்ததும் ஸ்டியரிங் நடுவில் நிற்கக் கற்றுக்கொண்டது. டயருக்கு இசட்எக்ஸ்ஐ மாடலின் 185/70 ஆர்14 அளவு. விட்டம் மூல அளவைவிட ஒரு சதவீதம்கூடக் குறையாது, பிடிமானம் அதிகம், கம்பெனியே கொடுத்த அளவு என்பதால் கேள்வியும் வராது.

டிக்கியிலிருந்த சப்வூஃபர் பெட்டி, ஆம்ப்ளிஃபையர், இன்னும் சில தகடுகள், பைபர் ஸ்பாய்லர் எல்லாம் இறங்கின. ஏறக்குறைய ஒரு டன் எடையுள்ள வண்டியில் 50 கிலோ இறக்குவது 5 சதவீதம். முடுக்கத்தில் அது நாலு குதிரைத்திறன் கூட்டியதற்குச் சமம், பெட்ரோலும் கேட்காது. கோவைக்காரர்களுக்கு இது புது விஷயமில்லை. கோவைப் பந்தயக்காரர் எஸ். கரிவர்தன் 796 சிசி மாருதி 800 இன்ஜினை எடுத்து லேசான குழாய்ச் சட்டத்தில் வைத்துத்தான் ஃபார்முலா மாருதி என்ற பந்தய வண்டியைக் கட்டினார். அவர் பெயரில் செட்டிப்பாளையத்தில் ஓடும் 2.1 கிலோமீட்டர் டிராக்கில் ஒரு நாள் போய் நின்று பாருங்கள், வளைவில் யார் எங்கே நேரம் சம்பாதிக்கிறார்கள் என்று தெரியும்.

பெயின்ட், டிங்கரிங் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பட்டி பார்த்து அடித்தார்கள், அவ்வளவுதான்.

அதே ரோட்டில், அதே மூன்றாவது கியரில், அதே ஆளை ஃபோனோடு உட்கார வைத்து மறுபடி அளந்தேன். டயர் பெரிதாகி இழுவிசை குறைந்த பின்பும் 40இலிருந்து 80க்கு முன்பைவிடத் தெளிவாகச் சீக்கிரம் ஏறியது. மைலேஜை ஓடோமீட்டரில் பார்க்காமல், டேங்கை நிரப்பி ஜிபிஎஸ் தூரத்தில் கணக்கிட்டேன், அதுவும் ஏறியிருந்தது. புகைச் சான்றிதழும் எஃப்சியும் தகராறில்லாமல் வந்தன. ஆய்வாளர் பானட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "ஒண்ணும் பண்ணலியா?" என்று கேட்டார்.

பாக்கி இருப்பது கியர்பாக்ஸ். காலையில் குளிர்ந்த வண்டியில் இரண்டாவது கியர் கரகரக்கும். முன்பு யாரோ ஜிஎல்-5 தர எண்ணெய் ஊற்றியிருந்தார்கள், அதிலுள்ள கந்தகச் சேர்மங்கள் கியர் உரசாமல் விழ உதவும் சிங்க்ரோனைசர் ரிங்கின் பித்தளையை அரிக்கும். ஜிஎல்-4 தர 75டபிள்யூ-90 மாற்றியதில் பாதி அடங்கிவிட்டது. மீதிக்கு ரிங் மாற்ற வேண்டும், அதற்குப் பெட்டியை இறக்க வேண்டும். இறக்கும்போது கிளட்ச் பிளேட்டையும் பார்த்துவிடலாம் என்று, கிளட்ச் தேயும் வரை அதைத் தள்ளி வைத்திருக்கிறேன்.